கண்ணைத் தேடி வளைந்த கொம்பு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் வருகிற பிராணிக்குச் சத்தம் ஆகாது.

"ரம்பத்தை எடு தாயி! இன்றைக்கு அறுத்தே தீரணும்!"

கத்திக்கொண்டே பட்டிக்குள் வந்தான் சென்றாயன். ஒரு கையில் சிலும்பியின் கயிறு. இன்னொரு கையில் புளிய விளார்.

சிலும்பி, அந்த மலைப் பக்கத்துப் பிராணி. மாட்டுக்குச் சிறுசு, ஆட்டுக்குப் பெரிசு. பிறக்கும்போது எல்லாவற்றுக்கும் கொம்பு ஒரே மாதிரி மொட்டுதான். முற்றுகிற வரைக்கும் மூங்கில் குருத்து கணக்காக இளசாக இருக்கும். போகப் போக ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பும்.

பொம்மக்காள் உப்புக்கல் நொறுக்கிக்கொண்டிருந்தாள். வயசில் அவனுக்கு இளையவள். ஆனால் கொம்பு பார்க்கிற வித்தையில் அவள்தான் அவனுக்குக் குரு.

"நுனி வரைக்கும் உயிர் ஓடுது அண்ணே. அறுத்தால் ரத்தம் நிற்காது. செத்துப்போகும்."

"சாகட்டும்! கையால் கஞ்சி ஊட்டி வளர்த்தேன். வலக் கொம்பு எங்கே போகுது பாரு, அது கண்ணுக்குள்ளேயே போகுது! நாளைக்குத் திருவிழாவில் கொம்புக்குச் சாயம் பூசப் போனால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

பொம்மக்காள் பட்டியைக் காட்டினாள்.

"அந்த விரிகொம்பு எப்படி விரிஞ்சது?"

"வேலியில்லாத மேட்டில் மேய்ந்தது."

"அந்தக் கூடுகொம்பு?"

"இடுக்குச் சுனையில் தலையை ஒடுக்கி ஒடுக்கித் தண்ணி குடிச்சது. இதெல்லாம் இப்போ எதுக்கு?"

"அந்த முறுக்குக் கொம்பு?"

"தாய் செத்த குட்டி. காலடிச் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தே வளர்ந்தது."

"நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. உங்களது?"

"இதுக்குத் திமிர்! வேற என்ன? இழுத்த பக்கம் வராது. நாலு போட்டால்தான் நகரும்!"

போட்டுக் காட்டுகிறவன் மாதிரி விளாரை ஓங்கினான்.

சிலும்பி சட்டென்று தலையைச் சாய்த்தது. வலக் கொம்பு விளாருக்கும் கண்ணுக்கும் நடுவே மூடி போட்டதுபோல வந்து நின்றது.

பொம்மக்காள் உப்புக்கல்லைக் கீழே போட்டாள். எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"விளாரைக் கொடுங்க."

கொடுத்தான்.

வாங்கின வேகத்தில் அவன் முகத்துக்கு நேரே வீசினாள்.

"ஐயோ, தாயி!"

அவன் வலக்கை தன்னால் மேலே போனது. முழங்கை மடங்கிக் கண்ணை மூடிக்கொண்டது.

அடி விழவில்லை. விளார் காற்றில் அப்படியே நின்றது.

"கையை இறக்கிடாதீங்க."

"தாயி, உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"இறக்காதீங்கன்னு சொன்னேன்!"

நின்றான். முழங்கைக்குக் கீழே கிடைத்த இடுக்கு வழியாகப் பார்த்தான். பக்கத்திலேயே சிலும்பி நின்றது. அதுவும் கொம்புக்குக் கீழே கிடைத்த இடுக்கு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.



பொம்மக்காள் விளாரைத் தூர எறிந்தாள். ஆணியில் தொங்கிய ரம்பத்தை எடுத்து வந்தாள். மடங்கியிருந்த அவன் முழங்கையில் அதன் பல்லை வைத்தாள்.

"சொல்லுங்க அண்ணே. எந்த இடத்தில் அறுக்கட்டும்?"