மடைப்பள்ளித் தொலைபேசி

மலைமேல் இருந்த அந்த மடத்துக்குச் செல்போன் சிக்னல் எட்டவில்லை. மடைப்பள்ளிச் சுவரில் ஒரு பழைய தொலைபேசி மட்டும் இருந்தது. பகல் பூசை முடிந்ததும் அது அடிக்கும். அடிப்பது உமையாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தகப்பனார் வயிரவன் மட்டும் அதை எடுப்பதில்லை.

சமையல்காரர் சடையன்தான் எடுப்பார். அப்பச்சி சாப்பிட்டாங்களா என்று அவள் தகப்பனாரைப் பற்றிக் கேட்பாள். சாப்பிட்டார் என்று இவர் சொல்வார். அவ்வளவுதான் பேச்சு.

"உங்க மக என்கிட்ட பேசிப் பேசி, எனக்கே உங்களை அப்பச்சின்னு கூப்பிட வாய் வந்துரும் போல ஐயா" என்றார் சடையன் ஒருமுறை. வயிரவன் சிரிக்கவில்லை.

வயிரவன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோய் எதிர்ப்பு அவருடைய துறை. ஊரெங்கும் காய்ச்சல் பரவிய வருடம் உமையாள் இருமலோடு வீட்டுக்கு வந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். அவளுடைய தாய் சிகப்பி பிழைக்கவில்லை. கருமாதி முடிந்ததும் வயிரவன் மலையேறி வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான நல்லசிவ அடிகளிடம் சீடராகச் சேர்ந்தார்.

தியானத்தில் உட்கார்ந்தால் அந்தத் தொலைபேசி மணிச் சத்தம்தான் கேட்கிறது என்று ஒருநாள் அவர் குருவிடம் முறையிட்டார். மனம் அடங்க வழி கேட்டார்.

குரு அவரை மடைப்பள்ளிக்கு அழைத்துப்போய், அவரைக்காய் நறுக்கும் இடத்தில் உட்காரவைத்தார். இன்று போனை எடுக்க வேண்டாம் என்று சடையனிடம் சொன்னார்.

"உங்கள் வேலையைப் பற்றி ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லையே" என்றார்.

"சொல்ல என்ன இருக்கிறது சாமி. உடம்பில் ஒரு செல் கிருமியைக் கண்டுகொள்ளும். செய்தி அதன் உட்கருவுக்குப் போகும். அங்கே உள்ள குறிப்பின்படி ஒரு சிறு புரதம் தயாராகும். சைட்டோகைன் என்று பெயர். அதை வெளியே விடும்."

"யாருக்கு?"

"அதை வாங்கிக்கொள்ள வாசல் உள்ள செல்லுக்கு. வாங்கியதும் ரத்தக்குழாய் விரியும். இடம் வீங்கும். காய்ச்சல் வரும். சண்டை போடுகிற செல்கள் வந்து சேரும்."

"போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய செல்லுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், கண்டது, கூப்பிட்டது."

"பிறகு எப்படி அடங்குகிறது?"

"கேட்ட செல்லுக்குள்ளே, கேட்டதாலேயே, அடக்குகிற புரதம் ஒன்று உண்டாகும். தவிர, போதும் என்று சொல்லும் சைட்டோகைன்களும் இருக்கின்றன. முதலில் கூப்பிட்ட செல்லே பிற்பாடு அதையும் சொல்வதுண்டு."

"உமையாளின் அம்மாவுக்கு?"

அவரைக்காயைக் கீழே வைத்தார் வயிரவன். "அந்தப் 'போதும்' போதவில்லை சாமி. ஒன்று கூப்பிட, கேட்டவையெல்லாம் கூப்பிட்டன. நுரையீரல் வெந்துபோயிற்று."

"கிருமியாலா?"

"கிருமி அதற்கு முன்பே அடங்கிவிட்டது. பரிசோதனைத் தாளை நானே பார்த்தேன். அவளைக் கொன்றது அவளுடைய உடம்புதான்."

"உமையாளுக்கு அது தெரியுமா?"

வயிரவன் மறுபடியும் அவரைக்காயை எடுத்து நறுக்கினார். அதைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் மலையேறிவிட்டார்.

தொலைபேசி அடித்தது. சடையன் கரண்டியோடு நின்று குருவைப் பார்த்தார். குரு அசையவில்லை. அது ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"இதைத்தான் சொன்னேன் சாமி. வயரைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்" என்றார் வயிரவன்.

குரு எழுந்துபோய், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினார். அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

வயிரவன் மூச்சை விட்டார். "நின்றுவிட்டது."

"இங்கே நின்றுவிட்டது" என்றார் குரு. "கூப்பிடுகிறவளுக்கு அங்கே அடித்துக்கொண்டேதான் இருக்கும்."