எருமைக்குப் போட்ட மாலை

குறுக்கே ஆறு ஓடும் ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தது. வெள்ளம் வந்தபோது அது தானாகவே ஆற்றில் இறங்கியது. அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களை முதுகில் ஏற்றி இரண்டு நாள் ஓயாமல் இக்கரை சேர்த்தது. முயல், முள்ளம்பன்றி, அணில் என்று எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு மான்குட்டி மட்டும் நடு ஆற்றில் முதுகிலிருந்து வழுக்கி, வெள்ளத்தோடு போய்விட்டது.

வெள்ளம் வடிந்தது. எருமைக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் குட்டியின் குரல்தான் கேட்டது.

அது காட்டின் மந்திரியான நரியிடம் போயிற்று. "ஐயா, எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும்."

நரி சிரித்தது. "உனக்கா? எருமைத்தோல்காரன் நீ, உனக்கென்ன வலிக்கப் போகிறது! இரு, பெரிய பாராட்டு விழாவே வைக்கிறேன்."

வைத்தது. மாலை போட்டார்கள். வெள்ளத்தில் காலைக்கூட நனைக்காத யானை பிளிறிப் பிளிறிப் பாராட்டியது. யானைக்கு முதுகு இல்லையா, குழந்தைகளே? இருந்தது, எருமையின் முதுகைப் போல இரண்டு மடங்கு!

"அந்த மான்குட்டி..." என்று எருமை வாயைத் திறந்தது.

"நல்ல நாளில் அந்தப் பேச்சு எதற்கு?" என்று நரி அடக்கிவிட்டது.

அடுத்த வாரமே மறுபடி வெள்ளம். அக்கரையில் குரங்குக் கூட்டம் அலறியது. எருமை ஓடி வந்து தண்ணீரில் கால் வைத்தது. மறுபடி அந்தக் குட்டியின் குரல் கேட்டது. ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை.

"மாலை வாங்கத் தெரிந்ததே, இறங்கத் தெரியாதா?" என்று நரி கத்தியது.

எருமைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தில் இன்னும் கிடந்த காய்ந்த மாலையை உதறி, கொம்பால் தூக்கி நரியின் கழுத்தில் போட்டது.

"தோல்தான் தடிப்பு, உள்ளே இருப்பது தடிப்பில்லை! இந்தா மாலை. இறங்கு, நீயே சும!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. எல்லோரும் யானையைப் பார்த்தார்கள். யானை தலை குனிந்தபடி ஆற்றில் இறங்கி, குரங்குகளை ஏற்றி வந்தது.

அப்போது தாய்மான் எருமையிடம் வந்தது. எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னைப் பார்," என்றது மான். "என் குட்டி கடைசியில் என்ன சொன்னது? எனக்கு அதைச் சொல்ல யாருமில்லை. உன்னையும் சொல்ல விடவில்லை. உட்கார், சொல்."

எருமை உட்கார்ந்தது. அன்றுதான் அதற்கு அழுகை வந்தது.

நீதி: பிறர் துன்பத்தைச் சுமப்பவருக்கு மாலை போட்டால் போதாது, அவர் துன்பத்தைக் கேளுங்கள், சுமைக்குத் தோள் கொடுங்கள்.