நிற்க வைத்துப் பார்த்த பிரஷர் மிஷின்

கடலோரப் பட்டணம் ஒன்றில் வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்று உண்டு. அங்கே இருந்த தஸ்நேவிஸ் தாத்தாவின் வாக்கருக்கு நாலு கால். ஆனாலும் அன்றைக்கு அதற்கு நிற்கத் தெம்பில்லை.

காரணம் இருந்தது. காலையில் அதைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குக் கிளம்பிய தாத்தா, இரண்டடி போவதற்குள் விழுந்துவிட்டார். நெற்றியில் புடைப்பு. போன வாரமும் இப்படித்தான்.

நர்ஸ் பெனித்தா சிஸ்டர் பதறிப்போனாள். பழைய சேலை ஒன்றை நீளமாகக் கிழித்து, அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள்.

"இனிமே எந்திரிக்க வேண்டாம் தாத்தா. டயாபர் போட்டுக்கலாம்."

"ஏ பிள்ள, நான் என்ன தொட்டில் பிள்ளையா? ஹார்பரைக் கலக்கினவன் நான்! என் காலால போயிட்டு வருவேன்."

அவள் முடிச்சை இறுக்கியதும் தாத்தா பேச்சை நிறுத்திவிட்டார். எந்நேரமும் யாரையாவது கிண்டல் பண்ணுகிற வாய். அந்த மௌனம்தான் வாக்கரைக் குடைந்தது. நாளைக்கு டாக்டரம்மா வருவார். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டால் வாக்கர் ஸ்டோர் ரூமுக்குப் போகும். தாத்தா ஆயுசுக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

மத்தியானம் சிஸ்டர்கள் சாப்பிடப் போனார்கள். தாத்தா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். சாமான்கள் வாயைத் திறந்தன.

"ஆளைத் தள்ளிவிட்டுட்டு நிக்கிற நிப்பைப் பாரு, பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி!" என்றது டப்பாவுக்குள்ளிருந்த மாத்திரை.

"நான் தள்ளல. எந்திரிச்சாரு, என் தோளைப் பிடிச்சாரு, கண்ணு சொருகிச்சு, சாஞ்சிட்டாரு."

"கண்ணு ஏன் சொருகணும்?" என்று மேசையிலிருந்து குரல் கொடுத்தது பிரஷர் மிஷின். "நான் தினமும் பார்க்கிறேன். அவரு பிரஷர் ஒரு நாளும் குறைஞ்சதில்ல. சொல்லப்போனா கூடத்தான்."

"நீ கூடன்னு சொன்னதாலதான் ஒரு வேளையா இருந்த என்னை ரெண்டு வேளை ஆக்கினாங்க," என்றது மாத்திரை, பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி.

வாக்கர் கொஞ்சம் யோசித்தது. "அண்ணாச்சி, நீங்க எப்பப் பார்ப்பீங்க?"

"காப்பிக்கு முன்னாடி. அவரு அசையாமப் படுத்திருக்கும்போது. வயசானவங்களை எழுப்பித் தொந்தரவு பண்ணக் கூடாதுங்கிறது இந்த வீட்டு வழக்கமாச்சே."

"நிக்கும்போது?"

மிஷின் மெதுவாகச் சொன்னது: "நிக்கிற தஸ்நேவிஸை நான் பார்த்ததே இல்லையே, தம்பி."

"படுத்திருக்கிற தஸ்நேவிஸை நான் பார்த்ததில்ல."

"நான் ரெண்டு பேரையும் பார்த்ததில்ல. நேரா வயித்துக்குள்ள போயிடுறேன்," என்றது மாத்திரை. அந்தத் துக்கத்திலும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்காதது தாத்தாவின் இடுப்பைச் சுற்றிக் கிடந்த சேலைத் துணி மட்டுந்தான். "என்னைத் தூளி கட்டிப் பிள்ளைகளைத் தூங்க வச்சிருக்காங்க. அப்போ முடிச்சு மேலே உத்திரத்துல இருக்கும். பிள்ளை மேல இருக்காது. அந்தப் பொண்ணை ஏசாதீங்க. பயத்துல போட்ட முடிச்சு இது. நாம இழுத்தா இன்னும் இறுகும். அவளே பார்த்து அவிழ்த்தாத்தான் உண்டு."

"அப்போ பார்க்க வச்சிருவோம்," என்றது மிஷின்.

மறுநாள் காலை பெனித்தா சிஸ்டர் வழக்கம்போலப் படுக்கையிலேயே தாத்தாவின் கையில் மிஷினின் பட்டையைச் சுற்றினாள். நூற்றைம்பது. பட்டையைக் கழற்றப் போனால், அது வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

"சனியன், விடமாட்டேங்குதே! சரி, கிடக்கட்டும். நாற்காலிக்கு மாத்துவோம் தாத்தா. கட்டுத் துணி எங்க?"

துணி கட்டிலுக்கடியில், சுவரோரமாகப் போய்ப் பதுங்கியிருந்தது. சிஸ்டர் குனிந்து துழாவினாள். இதுதான் சமயமென்று தாத்தா வாக்கரைப் பிடித்து எழுந்தேவிட்டார்.

ர்ர்ர்... என்று தானாகக் காற்றடித்து உப்பியது பட்டை.

"ஐயோ மாதாவே! உக்காருங்க தாத்தா!"

"உன் மிஷின்தான் கையைப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குதே பிள்ள. பொண்ணு பார்க்க வந்திருக்கு போல..." பாதியில் அவர் குரல் மங்கியது. முகம் வெளுத்தது. வாக்கர் நாலு காலையும் தரையில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சிஸ்டர் தாவி அவரை அணைத்து உட்கார வைத்தாள். அப்புறம்தான் திரையைப் பார்த்தாள்.

தொண்ணூறு.

"டாக்டரம்மா! கொஞ்சம் ஓடி வாங்களேன்!"

அன்று சீக்கிரமே வந்து பக்கத்து அறையில் இருந்த டாக்டரம்மா ஓடி வந்து, தானே ஒரு முறை படுக்க வைத்துப் பார்த்தார். தாங்கிப் பிடித்து நிற்க வைத்தும் பார்த்தார். மறுபடி அதே ஏற்றம், அதே இறக்கம்.

"வாக்கர் மேல தப்பில்ல சிஸ்டர், தாத்தா கால் மேலயும் இல்ல. படுத்திருக்கிற பிரஷரை வச்சே நான் மருந்தைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். ராத்திரி மாத்திரையை நிறுத்துறேன். காலையில பாதி போதும். எந்திரிக்கும்போது முதல்ல உக்காந்து காலை ஆட்டட்டும், தண்ணி குடிக்கட்டும், அப்புறம் நிக்கட்டும்."

"பாதியா? என்னை வெட்டவா போறாங்க?" என்று டப்பாவுக்குள் அலறியது மாத்திரை.

"கத்தாத. பாதியாவது உனக்கு வேலை இருக்குல்ல," என்றது மிஷின்.

பெனித்தா சிஸ்டர் கட்டிலுக்கடியிலிருந்து துணியை எடுத்தாள். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்து, துவைக்கிற கூடையில் போட்டாள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் தாத்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டினார், தண்ணீர் குடித்தார். "பாத்ரூம் போக இத்தனை சடங்கா? என் கல்யாணத்துக்கே இவ்வளவு இல்ல பிள்ள," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கண் சொருகவில்லை. சிஸ்டர் பக்கத்திலேயே நடந்தாள். கை தயாராக இருந்தது, ஆனால் தொடவில்லை. வாக்கர் டக் டக்கென்று கல்யாண மேளம் போல முன்னால் போனது.

அவர் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு பாட்டும் கிளம்பியது.

"ஏ பிள்ள, என்னையும் நிக்க வச்சுப் பாரேன்!" என்றார் அடுத்த கட்டில் சூசை. "அப்போ எனக்கு?" என்றார் அதற்கடுத்த கட்டில்காரர். அன்று காப்பி ஆறிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கதவு திறந்தது. தாத்தா ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி வெளியே வந்தார். சூசையின் கையில் இருந்த மிஷின் அண்ணாந்து பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது.

"அடேயப்பா! இத்தனை காலமா நான் பிடிச்ச கை, இவ்வளவு உயரமான மனுஷனோடதா!"