புளியோதரைக்கு உப்பு

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே சுவாமிக்கு வயது நாற்பது. சீடர் வைத்தமாநிதிக்கு அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கீதையின் எழுநூறு சுலோகமும் அவருக்கு மனப்பாடம். கேட்டால் ஒப்பிப்பார், கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார், அதுதான் தொல்லை.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில், கையில் நோட்டீஸோடு சுவாமி முன்னால் வந்து நின்றார்.

"தென்காசியில கூப்பிட்டிருக்காங்க, சுவாமி. ஏழு நாள் கீதைச் சொற்பொழிவு. பலனில் பற்று வைக்காமல் காரியம் செய்வது எப்படின்னு தலைப்பு. நீங்க அனுமதி கொடுக்கணும்."

சுவாமி நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். வைத்தமாநிதியின் படம் பெரிசாக இருந்தது. மூலையில் கண்ணன் படம், தபால்தலை அளவுக்கு.

பாவம், மேடையேறிக் கீதை பேச வேண்டும் என்பது பதினோரு வருஷத்து ஆசை. சுவாமி வேண்டாம் என்றால் மனிதர் மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் மனசு விட்டுப் போய்விடும்.

"அனுமதி இருக்கட்டும். சமையல் பண்ற சடகோபனுக்குக் காய்ச்சல். இன்னிக்குப் பெருமாளுக்குப் புளியோதரை நீர் பண்ணும்."

"அவ்வளவுதானே! புளியோதரையில என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, சுவாமி."

"மடைப்பள்ளி வழக்கம் தெரியுமில்லையா? பெருமாளுக்கு முன்னால யாரும் ருசி பார்க்கப்படாது. மோந்தும் பார்க்கப்படாது."

"தெரியும், சுவாமி."

தெரிவது வேறு, அடுப்பு முன்னால் நிற்பது வேறு. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வாயில் சுலோகத்தோடு வைத்தமாநிதி புளியைக் கொதிக்க விட்டார். இரண்டாம் அத்தியாயம் முடிகிற இடத்தில் திக்கென்றது. உப்புப் போட்டோமா?

எந்தச் சுலோகம் சொல்லும்போது போட்டோம்? முதல் அத்தியாயத்திலிருந்து சொல்லிப் பார்த்தார். அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டது ஞாபகம் வந்தது. இவர் உப்பைப் போட்டது வரவேயில்லை. கரண்டி நுனியில் ஒரு சொட்டு நின்றது. நாக்கு ஊறியது. ஐயோ, மகாபாவம்! கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார்.

போட்ட பிறகுதான் அடுத்த பயம் வந்தது. ஏற்கெனவே போட்டிருந்தால்?

நைவேத்தியம் ஆயிற்று. பெருமாள் வழக்கம்போல் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் மண்டபத்தில் நெருக்கியடித்தது. வைத்தமாநிதியே தொன்னையில் எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் அடுத்த ஆளைப் பார்க்கவில்லை. வாங்கியவர் வாயையே பார்த்தார்.

"எப்படி இருக்கும்மா?" என்று ஓர் அம்மாளைக் கேட்டார்.

"பிரசாதத்துக்கு என்ன குறை!" என்று அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உப்பு தூக்கலா இருக்கோ?"

"பிரசாதத்தை அப்படியெல்லாம் சொல்லலாமா? நாக்கு அழுகிப் போயிடும்."

ஒரு பஸ் டிரைவர் சாப்பிட்டுவிட்டு மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். வைத்தமாநிதி விடவில்லை. அவரைத் துரத்திக்கொண்டு குழாயடிக்கே போனார்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"வெயில் கொளுத்துது சாமி," என்றார் டிரைவர். அதே நேரத்தில் இன்னொருத்தர் இரண்டாம் தடவை தொன்னையை நீட்டினார். இதில் எதை நம்புவது?

எல்லாரும் வாங்கிய பிறகுதான் சமைத்தவர் சாப்பிடலாம். கூட்டம் கலைந்ததும் அண்டாவை எட்டிப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. ஒரே ஒரு வறமிளகாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கடித்துப் பார்த்தார். காரமாக இருந்தது.

சுவாமி அப்போதுதான் தன் பங்கைச் சாப்பிட்டு முடித்திருந்தார். வைத்தமாநிதி கண்ணில் தண்ணீரோடு போய் நின்றார். மிளகாயா, மனக் கஷ்டமா, அவருக்கே தெரியவில்லை.

"சுவாமி, நீங்களாவது சொல்லுங்க. உப்பு எப்படி?"

"பெருமாள் ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"ஜனங்க?"

"ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. சடகோபன் எப்படித்தான் இங்க தினம் சமைக்கிறாரோ! முப்பது வருஷமாமே!"

"ஆமா. கீதையில ஒரு வரி தெரியாது அவருக்கு."

வைத்தமாநிதி தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ தென்காசிக்கு நான் போக வேண்டாம், இல்லையா சுவாமி?" என்றார்.

"யார் சொன்னா? தாராளமா போய்ப் பேசிட்டு வாரும். ஒரே ஒரு விஷயம். பேசி முடிச்சதும், நல்லா இருந்ததான்னு யாரையும் கேட்கப்படாது."

வைத்தமாநிதி யோசித்தார்.

"அவங்களா வந்து சொன்னா?"

"கேட்டுக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. விழுந்து நமஸ்காரம் பண்ணினார். எழுந்தவர் போகவில்லை, கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றார்.

"அவங்களா வந்து சொல்லாட்டி, சுவாமி?"

சுவாமி தொன்னையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படின்னா திரும்பி வாரும். மடைப்பள்ளிச் சாவி அந்த ஆணியில தொங்குது," என்றார்.