சோடி சோடியாய்த் தடிப்பு

ஜமீன்தார் பேரனின் கன்னத்தில் பத்து நாளாய்ச் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. எதைத் தடவியும் அடங்கவில்லை. அரண்மனை வைத்தியர் பரமகுரு செருமிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் வெளுப்புக் காரம்! துணி வெளுக்கிறவளை ஊரைவிட்டே துரத்துங்கள்."

பொம்மக்காள் அழுக்கு மூட்டையும் கையுமாய் வந்து நின்றாள். பிள்ளையை உற்றுப் பார்த்தாள்.

"துணியில காரம் இருந்தா உடம்பெல்லாம்ல தடிக்கணும், எசமான்? இது கன்னத்துல மட்டும், சோடி சோடியா இருக்கு. காரணம் தெரியும். காதோட சொல்லவா?"

"என்ன ரகசியம்? எல்லாருக்கும் கேட்கவே சொல்!" ஜமீன்தார் கருகருவென்ற மீசையை முறுக்கினார்.

அவள் மூட்டையிலிருந்து அவருடைய தலையணை உறையை எடுத்து விரித்தாள். நடுவே இரண்டு கறுப்புக் கறை, மீசையின் இரு பக்கம் போல.

"மூணு வெளுப்புக்கும் போக மாட்டேங்குது, எசமான். நீங்க முத்தம் குடுக்கிற எடத்துலதான் பிள்ளைக்கும் தடிக்குது."

கூடியிருந்தவர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள்.

"வைத்தியரே, வெறும் பச்சிலைச் சாயம்னுதானே குடுத்தீர்?" என்று ஜமீன்தார் திரும்பினார். வைத்தியரின் செருப்பு மட்டும்தான் அங்கே இருந்தது.

பத்தே நாளில் கன்னம் தெளிந்தது. மாதம் முடிவதற்குள் பேரன் தாத்தாவின் வெள்ளை மீசையைப் பிடித்து இழுத்து விளையாடினான். பொம்மக்காளுக்கும் நிம்மதி: தலையணை உறை இப்போதெல்லாம் ஒரே வெளுப்பில் பளிச்சென்று ஆகிவிடுகிறது.