இரட்டைக் குகையும் இலந்தை முள்ளும்

ஒரு காட்டில் இரட்டை வாய்க் குகை ஒன்று இருந்தது. இருந்து தொலைத்தது என்றுதான் சொல்ல வேண்டும் பிள்ளைகளே, அதனால் அந்தக் காடு பட்ட பாடு கொஞ்சமா?

பொழுது போகாத கரடி ஒன்று அதை விளையாட்டுக்காகச் செய்துவைத்தது. உள்ளே இரண்டு சுரங்கங்கள், நடுவே கற்சுவர். சுவரில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே குரல் போகும், பார்வை போகாது. வலது சுரங்கத்தின் முடிவில் மேலிருந்து கீழாக மூன்று படங்கள் செதுக்கியிருக்கும். இடது சுரங்கத்தில் ஐந்து கொடிகள் தொங்கும், ஒவ்வொரு கொடிக்கும் மேலே ஒரு படம். வலப்பக்கம் இருப்பவர் படங்களைச் சொல்ல, இடப்பக்கம் இருப்பவர் அதே வரிசையில் கொடிகளை இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் உச்சியில் இருக்கும் பெரிய அறையின் கதவு திறக்கும். தவறினால் இரண்டு பேர் காலடியிலும் தரை பிளந்துகொள்ளும். சறுக்கிக்கொண்டே போய்க் குன்றின் அடியில் இருக்கும் இலந்தைப் புதரில் விழ வேண்டியதுதான். முள்ளைப் பிடுங்கிவிட்டு, மறுபடி ஏறி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படி ஒன்றைச் செய்துவிட்டுக் கரடி பாட்டுக்கு வேறு மலைக்குப் போய்விட்டது. யாரைப் போய்க் கேட்பது?

பேச்சை மட்டும் நம்பி ஆடுகிற சுவை வேறு எந்த விளையாட்டிலும் கிடையாது என்று மைனா ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிந்தது. மைனா ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. போய்வந்த முயலோ, தனியாக ஆடவும் முடியாது, ஒரு சின்னப் பிசகுக்கும் முதலிலிருந்து ஏற வேண்டும், இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று முனகியது. அணிலும் அதன் புருஷனும் குகைக்குள் போய்வந்த நாளிலிருந்து வேறு வேறு மரத்தில் குடியிருந்தார்கள். கதவை மட்டும் இதுவரை யாரும் திறந்ததில்லை.

அந்தக் காட்டின் ஓடைக்கரையில் ஒரு கீரி இருந்தது. அவசரத்துக்கு மறுபெயர் அது. அதன் வளைக்குள் கண் திறக்காத நான்கு குட்டிகள் கிடந்தன. ஒரு நாள் காலையில் மேற்கே வானம் கறுத்தது. போன மழையில் அந்த வளை முழுகிப்போனது கீரிக்கு நினைவு வந்தது. நான்கையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத இடம் அந்தக் காட்டில் ஒன்றே ஒன்றுதான், அந்தக் குகையின் உச்சி அறை.

துணைக்கு வரச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது. முயல் தன் முதுகுத் தழும்பைக் காட்டியது. அணில் வாசலையே திறக்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், கிளையில் தூங்கிக்கொண்டிருந்த தேவாங்கைப் போய் எழுப்பியது. தேவாங்கு கண் விழிக்கவே பாதிப் பொழுது ஆயிற்று. ஆனால் உடனே வருகிறேன் என்றது. அதுவரை யாரும் அதை எந்த விளையாட்டுக்கும் கூப்பிட்டதே இல்லையாம்.

தேவாங்கு வலது சுரங்கத்தில் போயிற்று, கீரி இடது சுரங்கத்தில் பாய்ந்தது.

"என்ன படம் அண்ணே? சீக்கிரம் சொல்லுங்கள்."

"முதலில்... பாசி படர்ந்திருக்கிறது, தங்கச்சி. அதைத் துடைத்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டு கோடு... சாய்ந்தாற்போல..."

சாய்ந்த இரண்டு கோடு என்றால் மலைதானே? முழுதும் கேட்காமல் கீரி மலைக்கொடியை இழுத்தது. தரை பிளந்தது. இலந்தைப் புதர்.

முனகிக்கொண்டே மேலே ஏறிவந்து பார்த்தால், தேவாங்கு இன்னும் சுரங்கத்துக்குள்ளேயேதான் இருந்தது. "நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே. பள்ளம் மாதிரி இருக்கிறது" என்று துளை வழியே அதன் குரல் வந்தது.

இரண்டு பேர் காலடியிலும்தான் தரை திறந்தது பிள்ளைகளே. கீரி மட்டும் விழுந்தது, தேவாங்கு விழவில்லை. ஏன் என்று கேட்க வேண்டாமா? கீரி கேட்கவில்லை. இதற்கெல்லாம் அதற்கு எங்கே நேரம்?

பள்ளக்கொடியை இழுத்தது. மறுபடியும் இலந்தைப் புதர். சரியாக இழுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஏறிவந்து அதே கொடியைப் பல்லால் கவ்வி இழுத்தது. மூன்றாம் முறையும் அதே புதர், அதே முள். வெளியே இடி இடித்தது.

ஏறிவந்த கீரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. துளையில் வாயை வைத்துக்கொண்டு கத்தியது.

"இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு மலைக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? என் குட்டிகள் அங்கே தண்ணீரில் மிதக்கப் போகின்றன, உங்களோடு என் உயிர் போகிறது!"

தேவாங்கு மெல்லச் சொன்னது. "எனக்குத் தெரிவதைத்தான் சொல்கிறேன் தங்கச்சி. முதல் படம் பள்ளம். இரண்டாவது, கவிழ்த்த குடம். மூன்றாவது ஒரு மரம். அதைச் சொல்லத்தான் நீ விடவே இல்லை. அந்த மரத்துக்கு வேர் மேலே இருக்கிறது, இலையெல்லாம் கீழே இருக்கிறது."

கீரி களைத்துப் போயிருந்தது. கொடியை எட்டிப் பிடிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. அதனால்தான் முதல்முறையாகக் கடைசிவரை கேட்டது.

வேர் மேலேயா? அப்படி ஒரு மரம் எந்தக் காட்டில் இருக்கிறது?

"அண்ணே, நீங்கள் அங்கே எப்படி நிற்கிறீர்கள்?"

"நான் எங்கே நிற்கிறேன்? வந்ததிலிருந்து கூரையில் இருக்கும் வேரைப் பிடித்துத் தலைகீழாகத்தான் தொங்குகிறேன். எனக்கு இதுதானே வசதி."

கீரி தலையில் அடித்துக்கொண்டது. தரை பிளந்தபோதெல்லாம் தேவாங்கு ஏன் விழவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. தலைகீழாகத் தொங்குகிற கண்ணுக்குக் கீழே இருப்பதுதான் மேலே தெரியும், மலையும் பள்ளமாகத் தெரியும், கடைசிப் படம்தான் முதல் படம். கீரி முதலில் மரக்கொடியை இழுத்தது. பிறகு குடம். பிறகு மலை.

உச்சியில் கல் உருளும் சத்தம் கேட்டது. அந்த விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாகக் கதவு திறந்தது.

கீரி ஒரே ஓட்டமாக ஓடியது. நான்கு தடவை போய்வந்தது, தடவைக்கு ஒரு குட்டி. நான்காவது குட்டியைக் கவ்வும்போது ஓடைத்தண்ணீர் வளைக்குள் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. அதையும் அறையில் கொண்டுபோய்ப் போட்டபின், பெருமழையில் ஓடைக்கரை கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

குட்டிகள் நனையாத தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. கீரி வாசலில் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகெல்லாம் முள்.

"முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே, தங்கச்சி" என்றது தேவாங்கு. "சீக்கிரம், சீக்கிரம் என்பதைத் தவிர நீ வேறு எதுவுமே கேட்கவில்லை."

தேவாங்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதல் முள்ளைப் பிடித்தது. அதை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது முள்ளைத் தேடத் தொடங்கியது. எத்தனை முள் என்று நினைக்கிறீர்கள்? மழை விடும்வரை அது பிடுங்கிக்கொண்டே இருந்தது.

கீரி பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவைகூட 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை.

நீதி: கூட்டாளியைக் குறை சொல்லுமுன், அவர் எங்கிருந்து, எப்படிப் பார்க்கிறார் என்று கேள். பதிலைக் கடைசிவரை கேள்.