மூட்டை இறங்கிய மலை

"அம்மா, ரெண்டுல எதை வெச்சுக்கலாம்?"

தாமோதரன் வந்து நின்றபோது அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பார்வை மங்கிப் போனதால் ஒவ்வொரு காயையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கத்தியை வைத்தார்.

"எந்த ரெண்டுல?"

"வண்டியிலம்மா."

"இன்னும் அதேதானா?"

அம்மாவின் பெயர் வேதவல்லி. நாற்பத்தெட்டு வயது. ஆனைக்கல் மலை உச்சியில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்திவந்தார். தாமோதரனுக்கு அறுபத்தொன்று. சென்னையில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே மலையேறி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

வயதில் மூத்தவர் என்பதால் அம்மா அவரை ஐயா என்பார். குரு என்பதால் அவர் இவரை அம்மா என்பார். இருவரும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கண் முகாமுக்கு வந்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மழைக்காலம் தொடங்குவதற்குள் கீழே வந்து ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். இன்னும் முற்றினால் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடும்.

கீழே போக ஒரே பாதை. பாறையும் சேறுமாக ஆறு கிலோமீட்டர். கண் தெரியாதவர் நடந்து இறங்க முடியாது. மலைக்காரர்கள் டோலி கட்டித் தூக்கிப்போக வந்தார்கள். அம்மா கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அந்தத் தோளெல்லாம் பிள்ளை பெறப் போறவங்களுக்கு இருக்கட்டும்."

விஷயம் கேள்விப்பட்டு, சேலத்தில் பண்ணைக் கருவி விற்கும் பக்தர் ஒருவர் இரண்டு வண்டிகளை அனுப்பிவைத்தார். பைக்கின் ஹேண்டில், டிராக்டர் மாதிரி தடித்த நாலு டயர், பின்னால் ஒருவர் உட்கார ஓர் இருக்கை. ஏடிவி என்று பெயர். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஓட்டிப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

ஓட்டிப் பாருங்கள் என்று தாமோதரனிடம் சொல்லலாமா? மனிதர் அன்றைக்கு ஆரம்பித்தவர்தான், இன்னும் முடிக்கவில்லை.

"சரி, சொல்லுங்க," என்றார் அம்மா. "பச்சை எப்படி?"

"பச்சையில முன் சக்கரம் சும்மா உருண்டு வரும்மா. பின் சக்கரம் வழுக்கினா உடனே முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தானாவே."

"நல்ல பிள்ளையா இருக்கே."

"ஏத்தத்துல மட்டும்தான் அப்படி. இறக்கத்துல கண்டுக்காது. என்ஜின் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிச்சு வெக்கும்."

"நம்ம சொந்தக்காரங்கள்லயும் அப்படி உண்டு. சிவப்பு?"

"சிவப்புல நாமதான் பொத்தானை அழுத்தணும். அழுத்திட்டா நாலு சக்கரமும் ஒண்ணா பூட்டிக்கும். இறக்கத்துல என்ஜின் நாலையும் பிடிக்கும். ஆனா ஹேண்டில் கனத்துப் போகும். வளைவுல திரும்பவே மாட்டேன்னு அடம் பண்ணும்."

"பிரேக்?"

"பச்சையில ஒரு லிவரை அழுத்தினா முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும். அது வசதி. ஆனா டிஸ்க் வெளியில கிடக்கு, சேறு பட்டா கொஞ்ச நேரம் பிடிக்காது. சிவப்புல பின் பிரேக்கை எண்ணெயில போட்டு மூடியிருக்காங்க, சேறே போகாது. ஆனா முன்னுக்குத் தனி லிவர், பின்னுக்குத் தனி பெடல். பதற்றத்துல ஒண்ணை மறந்தா போச்சு."

"அப்போ பச்சை."

"இறக்கம் இருக்கேம்மா."

"அப்போ சிவப்பு."

"வளைவு இருக்கேம்மா."

அம்மா நறுக்கிய காயை முறத்தில் ஒதுக்கினார்.

"மலையில ரெண்டும் இருக்கும், ஐயா."

தாமோதரன் வணங்கிவிட்டு மறுபடி வண்டி ஓட்டப் போனார்.

சோதனைக்கு ஆள் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவின் எடைக்கு மணல் மூட்டை ஒன்று கட்டிப் பின் இருக்கையில் வைத்தார். கயிற்றால் இறுக்கினார். பச்சையில் அதை மலையிலிருந்து இறக்கினார், ஏற்றினார். சிவப்பில் இறக்கினார், ஏற்றினார். வெயிலில் பார்த்தார். பாதையில் தண்ணீர் ஊற்றி நனைத்துப் பார்த்தார்.

ஆசிரமத்தில் சமைக்கிற செம்பாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, பிரேக் பிடிக்குதுங்களா?"

"பிடிக்குது."

"வண்டி பிடிச்சிருக்குங்களா?"

"அதுதான் தெரியல."

"மூட்டைக்கு மலையே மனப்பாடம் ஆயிருக்கும். அடுத்த வாரம் அது உங்களுக்கு உபதேசம் பண்ணும், பாருங்க."

செம்பாயி சிரித்தாள். தாமோதரன் சிரிக்கவில்லை.

மேற்கே மேகம் கூடத் தொடங்கியது.

ஒருநாள் காலை அம்மா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தார். அது அவருடைய வழக்கம், யாருக்கும் விட்டுத்தர மாட்டார். தாமோதரனின் தட்டுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், ஒரு கரண்டி நிறையக் கஞ்சி ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

தாமோதரன் சூடான கஞ்சியைத் தரையிலிருந்து கையாலேயே வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டார். பிறகு கொட்டகைக்குப் போய் வண்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்.

அழுது முடித்ததும் எழுந்து மூட்டையை இன்னொரு முறை இறுக்கினார்.

அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா கொட்டகைக்குள் வந்தார். கையை நீட்டித் துழாவினார். மூட்டை தட்டுப்பட்டது. இரண்டு கையும் கூப்பி அதை வணங்கினார்.

"அம்மா, அது மூட்டை."

"தெரியும். நான் இறங்க வேண்டிய மலையை இது எத்தனை தடவை இறங்கிடுச்சு. மரியாதை பண்ண வேண்டாமா? எது நல்ல வண்டின்னு இது என்ன சொல்லுது?"

"மூட்டை எப்படிம்மா பேசும்?"

"பேசாததுகிட்ட போய் ஏன் கேக்கறீங்க?"

தாமோதரன் கயிற்று முடிச்சைத் திருகினார்.

"ஒரு தடவையாவது விழுந்துதா?"

"இல்லம்மா. ரெண்டு வண்டியிலயும் விழல."

"மூட்டைக்குப் பயமா?"

"மூட்டைக்கு என்ன பயம்."

"அப்புறம் யாருக்கு?"

தாமோதரன் தரையைப் பார்த்தார். அம்மாவுக்கு அது தெரியப்போவதில்லை என்றாலும்.

"எனக்குத்தான். நீங்க விழுந்துடக் கூடாதும்மா. என் கையால விழுந்துடவே கூடாது. உங்க கண்ணும் போயிடக் கூடாது. நீங்க இல்லேன்னா எனக்கு இது வெறும் பாறை. ஒரு தப்பும் நடக்காத வண்டி எதுன்னு தெரிஞ்சா உடனே கூட்டிட்டுப் போயிடுவேன்."

அம்மாவுக்கு அவர்மேல் அளவில்லாத பிரியம். அந்த நேரம் அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"கட்டு பலமா இருக்கு. அவிழுங்க."

அவிழ்த்தார்.

அம்மா மூட்டையை ஒரு தள்ளு தள்ளினார். அது தொப்பென்று கீழே விழுந்தது. இருந்த இடத்தில் அவர் ஏறி உட்கார்ந்தார்.

"நான் எதைப் பிடிச்சுக்கணும்?"

"ரெண்டு பக்கமும் கம்பி இருக்கும்மா. பிடிச்சுப் பாருங்க."

அம்மா கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். விட்டுவிட்டார். தாமோதரன் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையையும் அவர் தோளில் வைத்தார்.

"இது போதும். போகலாம்."

"இப்பவேவா?"

"மழை வாசனை வருது, ஐயா."

செம்பாயி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து அம்மாவின் தலையில் கவிழ்த்தாள். டாக்டருக்கு நான் போன் பண்ணிக்கிறேன், நீங்க கிளம்புங்க என்று வண்டியின் முதுகில் தட்டினாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வழுக்குப்பாறை வந்தது. அத்தனை நாளும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, சாய்வைக் கண்ணால் அளந்து, திரும்ப ஏறுவது தாமோதரனின் வழக்கம். இன்று நிறுத்தினால் மறுபடி நகர மாட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை.

பின் சக்கரம் பக்கவாட்டில் நழுவியது.

மூட்டை என்றால் வண்டி சாய்ந்த பக்கமே தானும் சாயும். அம்மா சாயவில்லை. முன்னால் இருந்த தோள் வலப்பக்கம் போனதும் அவரும் வலப்பக்கம் போனார். பாதையை அவர் பார்க்கவில்லை. தோள் போன பக்கம் போனார், அவ்வளவுதான். வண்டி நிமிர்ந்தது.

அம்மா அவர் காதருகே குனிந்தார்.

"ஐயா, உங்க தோள்ல பிரேக் பிடிச்சே கிடக்கு. கொஞ்சம் விடுங்க."

தாமோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் வராத சிரிப்பு. அது அடங்கி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது வழுக்குப்பாறை பின்னால் போயிருந்தது.

அதற்கப்புறம் வளைவு வந்தது, திரும்பினார்கள். இறக்கம் வந்தது, இறங்கினார்கள். அம்மா வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அது என்ன ராகம் என்று தாமோதரன் கேட்டார். தெரியாது என்றார் அம்மா.

அடிவாரத்தில் கண் ஆஸ்பத்திரி ஜீப் காத்திருந்தது. தாமோதரன் அம்மாவைக் கைப்பிடித்து இறக்கினார். ஜீப்பில் ஏற்றி உட்காரவைத்து, ஈரத் தலையைத் தன் துண்டால் துவட்டிவிட்டார்.

ஜீப் ஓட்டுகிறவருக்கு ஒரே ஆர்வம். மலைமேல் நடந்த சோதனையெல்லாம் கீழே வரைக்கும் பேச்சாகியிருந்தது.

"சாமி, கடைசியில எது தேறிச்சு? எந்த வண்டியில கூட்டிட்டு வந்தீங்க, பச்சையா சிவப்பா?"

தாமோதரன் சொல்ல வாய் திறந்தார். பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஹேண்டில் வரைக்கும் சேறு அப்பிக் கிடந்தது.

கிட்டே போய், உள்ளங்கையால் ஓர் இடத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.